சங்க உரிமைக்குச் சட்ட அடித்தளமிட்ட என்.எம்.ஜோஷி

மும்பை: சங்கம் அமைக்கும் உரிமையை இன்று அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(சி) பிரிவு குடிமக்கள் அனைவருக்கும் உறுதி செய்கிறது. ஆனால், வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கியதற்காகவே சங்கத் தலைவர் மீது ஆலை நிர்வாகம் இழப்பீடு கோரி வழக்குத் தொடுக்க முடிந்த காலமும் இருந்தது. அந்நிலையை மாற்றப் போராடியவர்களுள் முதன்மையானவர் நாராயண் மல்ஹார் ஜோஷி.

கொலாபா (தற்போதைய ராய்கட்) மாவட்டத்தில் 1879ஆம் ஆண்டு பிறந்த ஜோஷி, ஆசிரியர் பணியைத் துறந்து, 1909இல் கோபால கிருஷ்ண கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் இணைந்தார். பம்பாய் ஆலைத் தொழிலாளர்களிடையே சமூகப் பணியாற்றினார். 1920இல் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் உருவானதில் அவருக்கு முக்கியப் பங்குண்டு.

அதே ஆண்டு இறுதியில் சென்னையிலிருந்து வந்த செய்தி தொழிற்சங்கத்தினரை அதிரவைத்தது. பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலைத் தகராறில், சென்னைத் தொழிலாளர் சங்கத் தலைவர் பி.பி.வாடியா உள்ளிட்டோருக்கு எதிராக உயர் நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. ஒப்பந்தத்தை மீறுமாறு தொழிலாளர்களைத் தூண்டினர் என்பதே புகார். வழக்கைக் கைவிட நிர்வாகம் விதித்த விலை, வாடியா சங்கத்தை விட்டு விலகுவது. அவரும் விலகினார். சங்கம் இருந்தும் அதற்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக எவராலும் உணர்த்தியிருக்க இயலாது.

1921 மார்ச்சில், மத்திய சட்டசபையின் நியமன உறுப்பினரான ஜோஷி, தொழிற்சங்கங்களைப் பதிவு செய்யவும் பாதுகாக்கவும் சட்டம் இயற்றக் கோரித் தீர்மானம் கொண்டுவந்தார். சட்டம் நிறைவேற ஐந்து ஆண்டுகளாயின. பதிவு பெற்ற சங்கத்தினருக்குக் குற்றச்சதி வழக்கிலிருந்தும், தொழில் தகராறில் ஒப்பந்த மீறலைத் தூண்டியதாகத் தொடுக்கப்படும் உரிமையியல் வழக்கிலிருந்தும் 1926ஆம் ஆண்டுச் சட்டம் விலக்களித்தது. வாடியாவை வீழ்த்திய ஆயுதம் அத்துடன் பறிக்கப்பட்டது. எனினும், சங்கத்தை நிர்வாகம் அங்கீகரித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. அது பெரிய குறையே.

1928இல் மோதிலால் நேரு தலைமையிலான அரசமைப்பு வரைவுக் குழுவில் ஜோஷி இடம்பெற்றார். தொழிலாளர் உரிமைகள் தொடர்பான விவாதங்களில் மட்டுமே அவர் பங்கேற்றார். தொழில், பொருளாதார நிலையை மேம்படுத்தச் சங்கம் அமைக்கும் உரிமை அக்குழு அறிக்கையின் அடிப்படை உரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 1950இல் அவ்வுரிமை தொழிலாளருக்கு அப்பாலும் விரிந்து அரசமைப்புச் சட்டத்தில் நிலைபெற்றது.

ஜோஷி 1955 மே 30 அன்று காலமானார். வேலைநிறுத்த உரிமை 19(1)(சி) பிரிவில் அடங்காது என 1961இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மும்பையின் பழைய ஆலைப் பகுதியான லோயர் பரேலில் உள்ள சாலை ஒன்று ஜோஷியின் பெயரைத் தாங்கி நிற்கிறது.