தனியே படித்தவர் திறந்த கதவு

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் ராணுவக் குடியிருப்பில் பிறந்தார் அம்பேத்கர். பள்ளியில் சாக்கு விரித்துத் தனியே உட்கார்ந்தார். யாராவது ஊற்றினால்தான் அவருக்குக் குடிக்கத் தண்ணீர். 1907-ல் மெட்ரிக் தேறினார். பரோடா மன்னரின் உதவித்தொகையில் பம்பாயில் பி.ஏ. முடித்து, 1913-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். 1918-ல் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். அங்கும் பொதுப் பானையில் அவர் தண்ணீர் எடுப்பதைச் சக பேராசிரியர்கள் சிலர் எதிர்த்தனர்.

ஒருவர் மட்டும் படித்து உயர்ந்தால் சாதி அசையாது. கூட்டமாகக் கல்லூரிக்குள் நுழைய வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். 1942-ல் வைஸ்ராயின் நிர்வாகக் குழு உறுப்பினரானதும், பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்கு அரசு நிதி கேட்டு வாதாடிப் பெற்றார். 1944-ல் தொடங்கிய அந்த உதவித்தொகையே இன்று நம் பிள்ளைகள் வாங்கும் போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்.

1946-ல் பம்பாயில் சித்தார்த் கல்லூரியைத் தொடங்கினார். வேலைக்குப் போகிறவர்களும் படிக்கக் காலையில் வகுப்புகள் நடந்தன. 1950-ல் அவுரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரி வந்தது. நிஜாம் ஆட்சியில் கல்வியில் பின்தங்கிக் கிடந்த மராத்வாடாவின் கிராமங்களிலிருந்து, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி காணும் தலித் மாணவர்கள் அங்கே வந்து சேர்ந்தனர்.

1956 டிசம்பர் 6-ல் அவர் மறைந்தார். மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர் வைக்க 1978-ல் தீர்மானம் வந்தபோது தலித் குடிசைகள் எரிக்கப்பட்டன. 1994-ல்தான் பெயர் சூட்டப்பட்டது.

மாணவர்களே, உதவித்தொகை விண்ணப்பத்தைக் கடைசி நாள் வரை தள்ளிப்போடாதீர்கள். அது சலுகை அல்ல. போராடிப் பெற்ற உரிமை.