மண்ணில் வளர்ந்த மல்லர் காமா

நூலறிவாற் பெரியாரானாரும் நாவன்மையாற் பெரியாரானாரும் பலர். அவர்தம் வரலாறுகள் நம் கல்லூரி இதழில் ஆண்டுதோறும் வெளிவருகின்றன. தோள்வலியாற் பெரும்பெயர் எய்தி, அவ்வலியை அறத்தின்வழி நிறுத்திய ஒருவரின் வரலாற்றை இவ்வாண்டு சுருங்கக் கூறப் புகுகின்றோம். காமா பயில்வான் என உலகம் அறிந்த மல்லரே அவர்.

இவர்தம் இயற்பெயர் குலாம் முகம்மது என்பது. காசுமீரத்தினின்று வந்து பஞ்சாபிற் குடியேறிய இசுலாமிய மல்லர் குடியொன்றில் 1878ஆம் ஆண்டு இவர் தோன்றினார். தந்தையார் அஜீஸ் பக்ஷும் பெயர்பெற்ற மல்லரே. மைந்தர் சிறு பிள்ளையாயிருந்த காலத்தே தந்தையார் இறந்தனர். பின்னர்த் தாய்வழிப் பாட்டனார் அவரைப் பேணி வளர்த்தார். பாட்டனாரும் மறைந்தபின் உறவினர் ஒருவர் அப்பொறுப்பை ஏற்றார். இங்ஙனம் கைம்மாறி வளர்ந்த பிள்ளைக்கு மாறாத தாயாய் நின்றது மற்களமே எனலாம். பத்து வயதளவில் அவர் நாள்தோறும் 500 பஸ்கியும் 500 தண்டாலும் எடுத்ததோடு, மண்வெட்டி ஏந்திக் களத்தின் மண்ணைக் கிளறிச் சமன்செய்யும் பணியையும் செய்து வந்தார்.

கோதா என நம்மவர் வழங்கும் அக்களத்தின் இயல்பை ஈண்டுச் சிறிது கூறுதல் பொருந்தும். அதனை அமைத்தற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. நிழலுள்ள ஓரிடத்தைத் தேர்ந்து, நிலத்தை ஆழத் தோண்டி, கல்லும் வேரும் களைந்து, சலித்த மென்மண்ணை அதில் நிரப்புவர். அம்மண்ணோடு மோரும் எண்ணெயும் மஞ்சளும் காவிமண்ணும் கலப்பர். ஈரம் மிகின் கால் வழுக்கும். உலர்ந்து இறுகின் உடம்பு புண்படும். ஆதலின் இடையிடையே நீர் தெளித்து, நாள்தோறும் கொத்திக் கிளறி, பலகை இழுத்து நிரவுதல் வேண்டும். மண்ணைக் கொத்துதல் தோளுக்கும் முதுகுக்கும் நல்ல பயிற்சியாதலின், களத்தைப் பேணுதலும் மற்கல்வியின் ஒரு கூறாயிற்று. இதனினும் நுண்ணியதொரு பயன் அதில் உண்டு. ஒருவன் தான் வீழப்போகும் நிலத்தைத் தன் கையாலேயே மென்மையாக்குகின்றான்; தன்னால் வீழ்த்தப்படுவோன் வீழும் நிலமும் அதுவே. மாற்றானை வெல்ல முயல்வோன் அவனுக்கு ஊறு நேராவண்ணம் முன்னரே உழைத்து வைக்கும் பாடம் இது. இப்பாடத்தைக் காமா பிள்ளைமையிலேயே கற்றார்.

1888ஆம் ஆண்டு ஜோத்பூர் மன்னர் ஒரு போட்டி நடத்தினார். மல்லர் 400க்கு மேற்பட்டோர் ஒருங்கு கூடிப் பஸ்கி எடுத்தனர். ஒவ்வொருவராய் ஓய்ந்து விலக, எஞ்சி நின்ற பதினைவருள் பத்து வயதுப் பாலகராகிய காமாவும் ஒருவர். அவர்தம் இளமையை வியந்த மன்னர் வெற்றி அவர்க்கே உரியதெனத் தீர்ப்பளித்தார். அதன்பின் தாதியா அரசர் அவரை ஆதரித்துப் பயிற்றுவித்தார். 1895ஆம் ஆண்டு, ஏழடியை நெருங்கும் உயரமுடைய ரஹீம் பக்ஷ் என்னும் பெருமல்லரோடு, ஆறடியும் எய்தாத காமா பொருதார். அப்போரில் வெற்றி தோல்வி காணப்படவில்லை. பின்னாளில் அலகாபாத்தில் நிகழ்ந்த போரில் ரஹீம் தோற்க, காமா இந்திய மல்லருள் தலைவராய் விளங்கினார்.

1910ஆம் ஆண்டு, தம்பி இமாம் பக்ஷோடு அவர் லண்டன் மாநகர் சென்றார். உயரங் குறைந்தவரென்று அந்நாட்டார் போட்டியிற் சேர்த்திலர். எவ்வெடையினராயினும் மூவரை 30 நிமிடத்தில் வீழ்த்துவேன் என அவர் விடுத்த அறைகூவலையும் முதலில் எவரும் பொருட்படுத்தவில்லை. அமெரிக்க மருத்துவராகிய ரோலர் எதிர்வந்து தோற்றபின்னரே அவர்தம் ஆற்றல் விளங்கிற்று. செப்டம்பர் 10ஆம் நாள் போலந்து நாட்டு ஸ்பிஸ்கோ எதிர்த்தார். அவர் விரிப்பின்மேற் குப்புறப் படிந்து தம்மைக் காத்துக்கொண்டமையால், இரண்டரை மணி நேரத்துக்கு மேலாகியும் போர் முடிந்திலது. மீண்டும் பொருதற்குக் குறித்த 17ஆம் நாளில் ஸ்பிஸ்கோ வந்திலர். ஜான் புல் என்னும் பெயரிய வெற்றிக்கச்சை காமாவுக்கு உரியதாயிற்று.

பதினேழு ஆண்டுகள் கழிந்தன. 1928ஆம் ஆண்டு சனவரியில், பட்டியாலா மன்னர் அமைத்த களத்தில் அவ்விருவரும் மீண்டும் எதிர்ப்பட்டனர். இம்முறை காலின்கீழ் இருந்தது காமா பழகிய மண். ஒரு நிமிடமும் நிரம்புமுன் ஸ்பிஸ்கோ வீழ்ந்தார். அப்பொழுது காமாவுக்கு வயது ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தது.

நிற்க. இவ்வெற்றிகளினும் மேலானதொன்றைக் கூறவே இவ்வரலாற்றை எடுத்துக்கொண்டோம். 1947ஆம் ஆண்டு நாடு பிரிவுற்றபொழுது காமா லாகூரில் மோகினி சாலைப் பகுதியில் வாழ்ந்து வந்தார். அண்டை வீட்டார் பலர் இந்துக்கள். வெறிகொண்ட கூட்டம் அவர்களைத் தாக்க வந்தபோது, அறுபதைக் கடந்த அம்மல்லர் தம் மாணாக்கரோடு வாயிலில் நின்று தடுத்தனர் என்றும், பின்னர் அக்குடும்பங்களை எல்லைவரை துணைசென்று விடுத்தனர் என்றும் வரலாறு கூறுவோர் உரைக்கின்றனர். அங்கு அவர்க்குக் கச்சையும் இல்லை. கதாயுதப் பரிசும் இல்லை. காயமுற்றுக் கிடந்த அயலானுக்கு இரங்கிய சமாரியனைப் போற்றும் நாம், இம்மல்லரையும் அவ்வரிசையில் வைத்து எண்ணுதல் தகும்.

இறுதி நாட்களில் நோயும் வறுமையும் அவரை வருத்தின. எல்லைக்கு இப்பாலிருந்து பிர்லா என்னும் இந்துச் செல்வர் பொருளனுப்பி உதவினார். 1960ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் காமா லாகூரில் உயிர்நீத்தார்.

ஆண்டவர் மனிதனை மண்ணினின்று உருவாக்கினார் என்று மறைநூல் வழி நாம் அறிவோம். அம்மண்ணைப் பூசிக்கொண்டு களத்தில் நிற்போரிடையே குலமும் சமயமும் தோன்றா. நம் விடுதியின் பின்புறத்தும் ஒரு துண்டு நிலம் வறிதே கிடக்கின்றது. மண்வெட்டி இரண்டும், மாலைதோறும் ஒரு மணி நேரமும், மனமொத்த இளைஞர் பதின்மரும் அமையின், அடுத்த பருவத்துக்குள் அங்கொரு கோதா உருவாகும். அதில் உடல் உரம் பெறுக. அவ்வுரம் அயலார்க்கு அரணாகுக!