குடியை வென்ற சிற்றாள்: மத்தேயு டால்பட்



அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரத்தை வாசிக்கும்போது, அவர்கள் பிறவியிலேயே புண்ணியவான்கள் என்றும், நமக்கும் அவர்களுக்கும் வெகுதூரம் என்றும் நம்மில் அநேகர் எண்ணிக்கொள்கிறோம். இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப்போவது அப்படிப்பட்டவரின் கதையல்ல. பதினாறு வருஷம் குடியில் மூழ்கிக் கிடந்த ஒரு கூலியாளின் கதை. உங்கள் வீட்டில் குடியினால் கண்ணீர் சிந்துகிறவர்கள் யாராவது இருந்தால், இதை அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

அயர்லாந்து தேசத்தின் தலைநகரமாகிய டப்ளினில் 1856-ம் வருஷம் மே மாதம் 2-ந் தேதி மத்தேயு டால்பட் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளில் அவர் இரண்டாமவர். தகப்பனார் சார்லஸ் குடிப்பழக்கமுள்ளவர். தாயார் எலிசபெத் பக்தியும் பொறுமையும் நிறைந்தவர். வீட்டில் வறுமை. ஆகவே, மத்தேயு பன்னிரண்டு வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போனார். கிடைத்த வேலையோ, மது வியாபாரம் செய்யும் ஒரு கம்பெனியில். அங்கே சரக்கைச் சுவை பார்க்கப் பழகிய சிறுவன், விரைவிலேயே குடித்துவிட்டு வீட்டுக்கு வரலானான். பதறிய தகப்பனார் அவனைத் துறைமுகத்தில் தம்முடைய வேலைக்கே மாற்றினார். அங்கேயோ விஸ்கிக் கிடங்கு! சட்டியிலிருந்து தப்பி அடுப்பில் விழுந்த கதையாயிற்று.

பிற்பாடு கொத்தனாருக்குச் செங்கல் சுமக்கும் சிற்றாளானார். நல்ல உழைப்பாளி, ஆனால் கூலி முழுவதும் மதுக்கடைக்கே போயிற்று. காசில்லாதபோது காலில் கிடந்த பூட்ஸையும் அடகு வைத்துக் குடித்தார். ஒரு சமயம், தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்த ஒரு ஏழையின் பிடிலை அவரும் தோழர்களும் திருடி, விற்றுக் குடித்துவிட்டார்கள். இத்தனைக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பூசையை அவர் விடவில்லை. ஆனால் தேவதிரவிய அனுமானங்களை வெகுகாலமாய் அணுகவில்லை.

1884-ம் வருஷத்தில் ஒரு சனிக்கிழமை. அந்த வாரம் வேலைக்குப் போகாததால் கையில் கூலியில்லை. தோழர்கள் கூலி வாங்கிக்கொண்டு வரும் வழியில், மதுக்கடை மூலையில் நின்றார். அவர்களுக்கு எத்தனையோ முறை வாங்கிக் கொடுத்தவர் அவர். இன்றைக்கு யாராவது தம்மை உள்ளே அழைப்பார்கள் என்று நம்பினார். ஒவ்வொருவராய்க் கடந்துபோனார்கள், ஒருவரும் அழைக்கவில்லை. அவமானம் நெஞ்சைக் குத்தியது. வீட்டுக்குத் திரும்பினார். அந்த வேளையில் தெளிந்த நிலையில் மகனைக் கண்ட தாய் ஆச்சரியப்பட்டார். மதுவை விடுவதாக வார்த்தைப்பாடு கொடுக்கப்போகிறேன் என்று மகன் சொன்னார். தாய் ஏசவுமில்லை, கேலி செய்யவுமில்லை. சர்வேசுரன் பேரால் போய் வா, ஆனால் காப்பாற்ற மனமில்லாவிட்டால் கொடுக்காதே என்று மட்டும் சொல்லி அனுப்பினார். மத்தேயு டப்ளின் குருமடத்துக்குப் போய், பாவசங்கீர்த்தனம் செய்து, மூன்று மாதத்துக்கு மதுவைத் தொடுவதில்லையென்று வார்த்தைப்பாடு கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 28.

இனி அவர் செய்ததைக் கவனியுங்கள். வைராக்கியம் மட்டும் போதாது என்பதை அவர் கண்டுகொண்டார். நாளின் ஒவ்வொரு வேளையையும் மாற்றியமைத்தார். அதிகாலை ஐந்து மணிப் பூசை கண்டுவிட்டு வேலைக்குப் போனார். வேலை முடிந்து தோழர்கள் மதுக்கடைக்குத் திரும்பும் அந்த ஆபத்தான நேரத்தில், அவர் தொலைவிலுள்ள ஒரு கோவிலுக்கு நடந்துபோய், அது மூடும்வரை முழந்தாளில் இருந்தார். ஒருநாள் சோதனை பலமாகி, ஒரு மதுக்கடைக்குள்ளேயே நுழைந்துவிட்டார். கடையாள் மற்றவர்களுக்கு ஊற்றிக்கொடுப்பதில் மும்முரமாயிருந்து அவரைக் கவனிக்கவில்லை. சட்டென்று வெளியே வந்து கோவிலுக்குள் ஓடினார். அன்றுமுதல் சட்டைப்பையில் காசு வைத்துக்கொண்டு நடப்பதில்லை என்று தீர்மானம் செய்தார்.

முதல் மூன்று மாதம் அவருக்குப் பெரும் போராட்டமாயிருந்தது. தவணை முடிந்ததும் குடிக்கத்தான் போகிறேன் என்று தாயாரிடம் சொன்னதும் உண்டு. ஆனால் மூன்று மாதம் ஆறு மாதமாயிற்று; பிறகு ஆயுள்முழுதுக்கும் வார்த்தைப்பாடு கொடுத்தார். மரணமட்டும் 41 வருஷம் ஒரு துளியும் தொடவில்லை. கடை கடையாய் ஏறிப் பழைய கடன்களை அடைத்தார். பிடில்காரரைத் தேடித் திரிந்தார்; காணாமற்போகவே, அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கச் செய்தார்.

1890-ல் அர்ச். பிரான்சிஸ்குவின் மூன்றாம் சபையில் சேர்ந்தார். பின்னாளில் ஒரு மரவாடியில் கூலியாளாகவே உழைத்தார். அரைகுறையாய்ப் படித்த அவர், அர்ச். அகுஸ்தினாரின் நூலைக்கூட மெள்ள மெள்ள வாசித்துப் பழகினார். கூலியில் தமக்கென்று கொஞ்சம் வைத்துக்கொண்டு, மீதியை ஏழைகளுக்கும் வேதபோதக நாடுகளுக்கும் கொடுத்தார். 1913-ல் டப்ளின் முதலாளிகள் கதவடைப்புச் செய்தபோது, பிள்ளைகுட்டிக்காரரான சக தொழிலாளருக்குத் தம் பணத்தைப் பகிர்ந்தார். வயதான தாயாரை 1915-ல் அவர் இறக்கும்வரை உடன்வைத்துப் பராமரித்தார்.

1925-ம் வருஷம் ஜூன் 7-ந் தேதி, தமதிரித்துவத் திருநாளன்று, பூசைக்குப் போகும் வழியில் ஒரு சந்தில் விழுந்து மரித்தார். ஆஸ்பத்திரியில்தான், தபசுக்காக அவர் உடலில் அணிந்திருந்த சங்கிலிகளைக் கண்டார்கள். அந்தக் கடுந்தபசை நாம் பின்பற்ற வேண்டுமென்று திருச்சபை கேட்கவில்லை. 1975-ல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் இந்தக் கூலியாளை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார்.

பங்கு மக்களே, குடியை விட விரும்புகிறவர் இவரிடம் கற்கலாம். மதுக்கடையில்லாத வழியாய் வீட்டுக்கு வாருங்கள். கூலி வாங்கியதும் மனைவியின் கையில் கொடுத்துவிடுங்கள். குடிக்கும் வேளையை வெறுமையாய் விடாதீர்கள். அந்த வேளையில் கோவிலுக்கு வாருங்கள், அல்லது பிள்ளைகளோடு உட்கார்ந்து ஜெபமாலை சொல்லுங்கள். முதலில் சில மாதத்துக்கு மட்டும் வார்த்தைப்பாடு கொடுத்து, பின் புதுப்பியுங்கள். ஒரு எச்சரிக்கை: நெடுநாள் மிகுதியாய்க் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகையால் முதலில் வைத்தியரைப் பாருங்கள். அதில் வெட்கமில்லை.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. குடிகாரரிடம் கடுமை காட்டவேண்டாமென்று மத்தேயு தம் சகோதரிக்குப் புத்தி சொன்னார். குடியை விடுவது செத்தவரை உயிர்ப்பிப்பதற்கு ஒப்பான காரியம், ஆனாலும் சர்வேசுரனுக்கு இரண்டும் கூடும் என்பது அவர் அனுபவம். ஆகவே அந்தத் தாயைப்போல் செய்யுங்கள்: ஏசாமல், ஆசை வார்த்தையும் சொல்லாமல், வாசல்வரை வந்து ஆசீர்வதித்து அனுப்புங்கள். வார்த்தைப்பாடு கொடுக்க விரும்புகிறவர் எந்த வேளையிலும் என் அறைக்கு வரலாம்.

சேசுவில் உங்கள் அன்புள்ள,
பங்குச் சுவாமியார்