வாலஸ் கிளெமென்ட் சபைன்

வாலஸ் கிளெமென்ட் சபைன் (ஜூன் 13, 1868 – ஜனவரி 10, 1919) ஓர் அமெரிக்க இயற்பியலாளர் ஆவார். கட்டிட ஒலியியலை அளவீட்டின் அடிப்படையில் அமைந்த அறிவியல் துறையாக நிறுவியவர் இவரே. ஓர் அறையில் எழும் ஒலி மறைவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தை, அவ்வறையைக் கட்டும் முன்பே கணக்கிட உதவும் வாய்பாட்டை இவர் கண்டறிந்தார். இன்றைய ஒலிப்பதிவுக் கூடங்களை வடிவமைப்பவர்களும் இவ்வாய்பாட்டைப் பயன்படுத்துகின்றனர்.

இளமையும் கல்வியும்

சபைன் ஒகையோ மாநிலத்திலுள்ள ரிச்வுட் என்னும் ஊரில் பிறந்தார். 1886 இல், தம் 18ஆவது வயதில், ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1888 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்று அங்கேயே ஆசிரியரானார். இவர் முனைவர் பட்டத்துக்குப் படிக்கவில்லை.

ஃபாக் விரிவுரை மண்டபம்

1895 இல் ஹார்வர்டில் புதிதாக அமைந்த ஃபாக் கலை அருங்காட்சியகத்தின் விரிவுரை மண்டபத்தில் பேச்சு விளங்கவில்லை. ஒரு சொல்லின் ஒலி ஐந்து வினாடிகளுக்கு மேலும் நீடித்து, அடுத்தடுத்த சொற்களோடு கலந்தது. இது எதிர்முழக்கம் எனப்படும். இக்குறையைத் தீர்க்கும் பொறுப்பைப் பல்கலைக்கழகத் தலைவர் சார்லஸ் எலியட் சபைனிடம் ஒப்படைத்தார். மண்டபங்களில் கம்பிகளைக் குறுக்கே கட்டுவது போன்ற பயனற்ற முறைகளே அக்காலத்தில் வழக்கில் இருந்தன.

512 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஓர் ஆர்கன் குழல், நேரம் பதியும் கருவி, தம் செவி ஆகியவற்றைக் கொண்டு சபைன் ஆய்வு செய்தார். வெளி இரைச்சல் அடங்கிய நள்ளிரவுக்குப் பின்னரே அளவிட முடிந்தது. அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் மண்டபத்துக்குக் கொண்டுவந்து, சிறிது சிறிதாகக் கூட்டி, ஒலி மறையும் நேரத்தைக் குறித்து, விடியுமுன் திருப்பி வைத்தனர். மெத்தைகள் கூடக்கூட நேரம் குறைந்தது. தன்மீது விழும் ஒலி முழுவதையும் வெளியே விட்டுவிடும் திறந்த சன்னலின் பரப்பையே உறிஞ்சலின் அலகாக அவர் கொண்டார். முடிவில் மண்டபச் சுவர்களில் மயிராலான தடித்த விரிப்புகள் பொருத்தப்பட்டன. மண்டபம் பயன்பாட்டுக்கு வந்தது.

சபைன் வாய்பாடு

1898 இல் சபைன் தம் அளவீடுகளிலிருந்து பொது விதியைக் கண்டார். அறையின் கன அளவைக் கன மீட்டரில் எடுத்து, 0.161 ஆல் பெருக்கி, சதுர மீட்டரில் கூறப்படும் மொத்த உறிஞ்சலால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் வினாடியில் கிடைக்கும். ஒலியின் செறிவு பத்து இலட்சத்தில் ஒரு பங்காகக் குறையும் நேரம் இதுவாகும். எடுத்துக்காட்டாக, 60 கன மீட்டர் கொண்ட அறையில் உறிஞ்சல் 24 சதுர மீட்டர் எனில் எதிர்முழக்க நேரம் ஏறத்தாழ 0.4 வினாடி ஆகும்.

பாஸ்டன் சிம்பொனி மண்டபம்

இவ்விதியின் துணையுடன் சபைன் பாஸ்டன் நகரின் புதிய இசை மண்டபத்துக்கு ஆலோசகரானார். ஒலியியல் கணக்கீட்டை முன்வைத்துக் கட்டப்பட்ட முதல் இசை மண்டபம் எனக் கருதப்படும் இது, அக்டோபர் 15, 1900 அன்று திறக்கப்பட்டது. தொடக்கத்தில் விமர்சகர் சிலர் இதன் ஒலியைக் குறை கூறினர். அது சபைனை வருத்தியது. பிற்காலத்தில் இது உலகின் மிகச் சிறந்த இசை மண்டபங்களுள் ஒன்றாக மதிக்கப்பட்டது.

தாழ்ந்த ஒலிகள்

1902 இல் பாஸ்டனிலுள்ள நியூ இங்கிலாந்து இசைக் கல்லூரியின் ஐந்து பியானோ அறைகளில் சபைன் ஆய்வு நடத்தினார். அறையின் ஒலி பொருத்தமாக உள்ளது என இசைஞர்கள் ஒருமித்துக் கூறும் வரை மெத்தைகள் மாற்றப்பட்டன. அவர்கள் ஏற்ற நேரங்களின் சராசரி 1.08 வினாடி. இசைச் சுவையையும் அளவிட முடியும் என்பதை இவ்வாய்வு காட்டியது.

பின்னர் அதிர்வெண் மாறினால் உறிஞ்சலும் மாறுவதை 64 முதல் 4096 ஹெர்ட்ஸ் வரை ஆராய்ந்து 1906 இல் வெளியிட்டார். மெல்லிய விரிப்புகள் உயர்ந்த ஒலிகளையே நன்கு உறிஞ்சுகின்றன. தாழ்ந்த ஒலிகள் அறையிலேயே தங்கிவிடுகின்றன.

ஒலி அறையெங்கும் சீராகப் பரவியிருப்பதாகச் சபைன் வாய்பாடு கொள்கிறது. சிறிய அறைகளில் தாழ்ந்த ஒலிகளுக்கு இது பொருந்தாது. 5 மீட்டர் நீள அறையில் ஏறத்தாழ 34 ஹெர்ட்ஸ் ஒலி நிலையலையாகி, சுவரோரங்களில் மிகுந்தும் நடுவில் தேய்ந்தும் கேட்கும். நடுவில் அமர்ந்து ஒலிக்கலவை செய்பவர் அவ்வொலி குறைவாக இருப்பதாக எண்ணித் தேவைக்கு மேல் கூட்டிவிடக்கூடும். எனவே அறை மூலைகளில் தடித்த உறிஞ்சிகளை வைத்தும், ஒலிபெருக்கிகளையும் இருக்கையையும் இடம் மாற்றியும் இக்குறையைக் குறைக்கின்றனர்.

இறுதிக் காலம்

முதல் உலகப் போரின்போது சபைன் பாரிசில் விரிவுரையாற்றினார். பின்னர் அமெரிக்க அரசின் வானூர்திப் பணிகளில் ஈடுபட்டார். சிறுநீரக நோய் இருந்தும் போர்ப்பணிக்காக அறுவைச் சிகிச்சையைத் தள்ளிவைத்து வந்தார். 1919 இல், தம் 50ஆவது வயதில், காலமானார். இவருக்காக இல்லினாய் மாநிலத்தில் அமைக்கப்பட்ட ரிவர்பேங்க் ஆய்வுக்கூடத்தை இவருடைய உறவினர் பால் சபைன் ஏற்று நடத்தினார்.

நினைவு

ஒலி உறிஞ்சலின் அலகு இவர் பெயரால் சபின் என வழங்கப்படுகிறது. இவருடைய கட்டுரைகளின் தொகுப்பு 1922 இல் வெளிவந்தது. அதில் முணுமுணுப்பு மாடங்கள் பற்றிய ஆய்வும் உண்டு. ஏறத்தாழ அதே காலத்தில் சி. வி. இராமன் இதே விளைவை இலண்டன் புனித பவுல் பேராலயத்திலும் பீஜப்பூரின் கோல் கும்பாசிலும் ஆராய்ந்தார். சபைன் திருத்திய ஃபாக் விரிவுரை மண்டபம் 1973 இல் இடிக்கப்பட்டது.