தற்காலிக இல்லம்

இங்கிலாந்து நாட்டின் தலைநகராகிய இலண்டன், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலகிலேயே பெரிய நகரமாக விளங்கியது. கப்பல் வணிகமும் தொழிற்சாலைகளும் இருப்புப்பாதைகளும் அந்நகரில் செல்வத்தைக் கொண்டுவந்து குவித்தன. அதே நகரின் தெருக்களில் உண்ண உணவின்றி ஏழைச் சிறுவர் பலர் அலைந்தனர். அவர்களோடு நாய்களும் அலைந்தன.

அந்நாய்கள் எல்லாம் தெருவிலேயே பிறந்தவை அல்ல. வழி தவறியவை சில. நோயுற்றதும் வீட்டாரால் கைவிடப்பட்டவை சில. திருடர் கையிலிருந்து தப்பியவை சில. செல்வர் வீட்டு நாயைத் திருடிச் சென்று, பணம் பெற்றுக்கொண்டு திருப்பித் தருவதையே தொழிலாகக் கொண்ட கூட்டத்தார் அந்நாளில் இருந்தனர். புகழ்பெற்ற கவிஞர் எலிசபெத் பாரெட்டின் செல்ல நாயாகிய ஃபிளஷ் மூன்று முறை இவ்வாறு திருடப்பட்டது. மூன்று முறையும் பணம் கொடுத்து அதனை மீட்டனர். கேட்பாரற்ற நாயை மீட்க யார் வருவார்?

மேரி டீல்பி அம்மையார் வந்தார்.

அவர் 1801ஆம் ஆண்டு பிறந்தவர். இளமைப்பெயர் மேரி பேட்ஸ். மர வணிகர் ஒருவரை மணந்து ஹல் என்னும் துறைமுக நகரில் வாழ்ந்தார். பின்னர்க் கணவரைப் பிரிந்து இலண்டனின் வடபகுதியாகிய இசுலிங்டனுக்கு வந்து, பாதிரியாராகிய தம் உடன்பிறந்தார் எட்வர்டு பேட்ஸுடன் தங்கினார். கணவரைப் பிரிந்து வாழும் பெண்ணை ஊரார் நல்ல கண்கொண்டு பாராத காலம் அது. தமக்கெனத் தனி வீடோ பெருஞ்செல்வமோ அவருக்கு இல்லை. அறுபது வயதை நெருங்கிய நிலையில், சொந்தக்காரர் வீட்டில் வாழ்ந்த ஒரு பெண்மணி, வீடற்ற உயிர்களுக்கு வீடு தேடத் தொடங்கினார் என்பதே இவ்வரலாற்றில் என்னை மிகவும் ஈர்க்கும் செய்தி.

1860ஆம் ஆண்டில் ஒரு நாள், சாரா மேஜர் என்னும் தோழியைக் காண அவர் சென்றார். அத்தோழி தெருவில் கிடந்த நாய் ஒன்றை எடுத்து வந்து சமையலறையில் கிடத்தியிருந்தார். பசியால் எலும்பும் தோலுமாகிச் சாகும் நிலையில் அது கிடந்தது. மேரி அம்மையார் அதனைத் தம் இருப்பிடத்திற்குக் கொண்டு சென்று பேணினார். எவ்வளவோ முயன்றும் அது பிழைக்கவில்லை.

அந்த இழப்போடு அவர் நின்றுவிடவில்லை. தெருவில் காணும் நாய்களைத் தோழியர் இருவரும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தனர். தோழியின் சமையலறையை ஒட்டிய சிறு அறையே முதல் புகலிடமாயிற்று. (புகல் + இடம் = புகலிடம். துன்புற்றோர் அடைக்கலம் தேடிப் புகும் இடம் என்பது பொருள்.) நாய்கள் பெருகின, அறை போதவில்லை. ஆலோவே என்னும் பகுதியில் குதிரை லாயம் ஒன்று கிடைத்தது. 1860 அக்டோபர் 2ஆம் நாள் அந்த இல்லம் பிறந்தது. அக்டோபர் 2 என்றதும் உங்களுக்குக் காந்தியடிகளின் நினைவு வரும். அவர் பிறந்தது சரியாக 9 ஆண்டுகள் கழித்து அதே நாளில்.

இல்லத்திற்கு இட்ட பெயரைக் கவனியுங்கள். தொலைந்த, பசியால் வாடும் நாய்களுக்கான தற்காலிக இல்லம் என்பது அதன் பெயர். தற்காலிகம் என்றால் சிறிது காலத்திற்கு மட்டும் உரியது என்று பொருள். இப்பெயரில் உள்ள மற்ற சொற்கள் இரக்கத்தைக் காட்டுகின்றன. இந்த ஒரு சொல் திட்டத்தைக் காட்டுகிறது. நாய்களைப் பிடித்து வந்து சோறிட்டு அங்கேயே அடைத்து வைப்பது அவருடைய நோக்கமன்று. தொலைந்த நாய்க்கு உரியவர் தேடி வந்தால் அவரிடம் அது சேர வேண்டும். உரியவர் எவரும் வாராவிட்டால் வேறொரு நல்ல வீட்டிற்குச் செல்ல வேண்டும். ஒரு நாய் வெளியேறினால்தான், வெளியே பசித்திருக்கும் மற்றொரு நாய்க்கு இடம் கிடைக்கும். இந்தக் கணக்கை முதல் நாளே அவர் அறிந்திருந்தார்.

பாராட்டுக் கிடைத்ததா? இல்லை. ஏளனமே கிடைத்தது. இலண்டனின் பெரிய நாளிதழாகிய டைம்ஸ், இம்முயற்சியை எள்ளி நகையாடி எழுதியது. மனிதக் குழந்தைகள் பட்டினி கிடக்கையில் நாய்களுக்கு ஓர் இல்லமா என்று பலரும் கேட்டனர். அக்கேள்வியை முட்டாள்தனம் என்று தள்ளிவிட இயலாது; அந்நகரில் குழந்தைகள் பட்டினி கிடந்தது உண்மை. ஆயினும் கேட்டவர் எல்லாம் அக்குழந்தைகளுக்கு உணவளித்தவர் என்று எண்ணிவிடாதீர்கள். அம்மையார் மறுப்புரை எழுதிக்கொண்டிருக்கவில்லை. குழு அமைத்தார், நன்கொடை திரட்டினார், லாயத்தை நடத்தினார்.

1862ஆம் ஆண்டில் காற்று திசை மாறிற்று. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில், இரு நாய்க்காட்சிகளை ஒப்பிடும் கட்டுரை ஒன்று வெளிவந்தது. ஒன்று இசுலிங்டனில் நடந்த ஆடம்பரமான நாய்க் கண்காட்சி. அங்கிருந்தவை விலையுயர்ந்த, பரிசுக்குரிய நாய்கள். மற்றொன்று அதற்குச் சிறிது தொலைவிலேயே இருந்த அம்மையாரின் இல்லம். அங்கிருந்தவற்றுக்கு விலையும் இல்லை, பரிசும் இல்லை. கட்டுரை அந்த எளிய இல்லத்தின் பக்கமே நின்றது. அதன்பின் இல்லத்தைப் பற்றிய பேச்சில் கேலி குறைந்தது.

துன்பம் குறையவில்லை. இடமும் பணமும் எப்போதும் பற்றாக்குறையே. தீராத நோயுற்ற நாய்களையும், குறித்த நாள்களுக்குள் கேட்பாரற்றுப் போன நாய்கள் சிலவற்றையும் வலியின்றி இறக்கச் செய்யும் நிலை இல்லத்திற்கு ஏற்பட்டது. படிக்கையில் நெஞ்சு வருந்தும் செய்திதான், ஆனால் மறைக்கத்தக்கதன்று. வீடு கிடைப்பதும் கிடைக்காமற்போவதும் அங்கு உயிர் பற்றியதாக இருந்தது.

மேரி அம்மையார் 1865 அக்டோபர் 3ஆம் நாள் மறைந்தார். இல்லம் தொடங்கி ஐந்து ஆண்டும் ஒரு நாளும் ஆகியிருந்தன. பிகிள்சுவேடு என்னும் சிற்றூரில் அவரை அடக்கம் செய்தனர். நாய்களின் குரைப்பொலியைத் தாங்க இயலவில்லை என்று ஆலோவே மக்கள் முறையிட்டமையால், 1871ஆம் ஆண்டில் இல்லம் தேம்சு ஆற்றின் தென்கரையிலுள்ள பாட்டர்சீக்கு மாறியது. இருப்புப்பாதைகளுக்கு நடுவே அமைந்த இடம் அது. இரயிலின் ஓசையில் குரைப்பொலி யாருக்குப் பெரிதாகக் கேட்கும்! 1883 முதல் பூனைகளும் சேர்க்கப்பட்டன. 1885ஆம் ஆண்டில் விக்டோரியா அரசியார் இல்லத்தின் புரவலரானார். இன்றுவரை 30 இலட்சத்திற்கும் மேற்பட்ட விலங்குகள் அங்கு அடைக்கலம் பெற்றுள்ளன. பிரித்தானியத் தலைமையமைச்சரின் இல்லத்தில் 2011 முதல் வாழும் லாரி என்னும் பூனையும் அங்கிருந்து சென்றதே.

நாயை வீட்டில் சேர்க்கும் பணி இன்று அங்கு ஒரு கலையாகவே வளர்ந்துள்ளது. வந்து கேட்பவரிடம் நாயைக் கயிற்றோடு கொடுத்து அனுப்பிவிடுவதில்லை. முதலில் நாயின் உடல்நலத்தையும் இயல்பையும் பல நாள் கவனிக்கின்றனர். அது குழந்தைகளிடம் எவ்வாறு பழகுகிறது? தனித்திருந்தால் அஞ்சுகிறதா? பிற நாய்களைக் கண்டால் சீறுகிறதா? பின்னர்க் கேட்டு வந்தவரின் நிலையை அறிகின்றனர். வீட்டில் எத்தனை பேர், பகலில் யார் இருப்பார், வேறு விலங்கு உண்டா, நாள்தோறும் நடக்க அழைத்துச் செல்ல நேரம் உண்டா என வினவுகின்றனர். ஓடியாடும் இளநாயை, மெல்ல நடக்கும் முதியவரிடம் கொடுத்தால் இருவருக்கும் துன்பமே. அழகு பார்த்து நாய் கேட்பவர் பலர். பொருத்தம் பார்த்துக் கொடுப்பதே இல்லத்தாரின் வேலை.

சில நாய்களுக்கு இல்லத்தின் கூண்டும் இரைச்சலும் ஒவ்வா. அச்சத்தால் உண்ணாமல் மூலையில் ஒடுங்கும். மிக இளங்குட்டிகளுக்கும் அறுவை மருத்துவம் முடிந்த நாய்களுக்கும் அமைதியான சூழல் தேவை. இவற்றைத் தம் வீட்டில் சில வாரங்களோ மாதங்களோ வைத்துப் பேணித் தருகின்ற அன்பர்கள் உள்ளனர். நாய் கதவு மணிக்கு வெருளாமல் இருக்கவும், மாடிப்படி ஏறவும், மனிதர் கையிலிருந்து உணவு வாங்கவும் அவ்வீட்டில் பழகும். பழகியதும் அதனைப் புதிய வீட்டாரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். வளர்த்தவர் கண்ணீரோடு அனுப்புவதும் உண்டு. அனுப்ப மனமின்றித் தாமே வைத்துக்கொள்வதும் உண்டு.

எவ்வளவு ஆராய்ந்தாலும் சில நேரம் பொருத்தம் தவறிவிடும். அப்போது நாய் மீண்டும் இல்லத்திற்கே வருகிறது. அதன் இயல்பைப் பற்றிப் புதிதாக அறிந்ததைக் குறிப்பேட்டில் சேர்த்துக்கொண்டு, வேறொரு வீட்டைத் தேடத் தொடங்குகின்றனர்.