கால்நடை உடலியலின் முன்னோடி சர் ஜான் ஹாமண்ட்

சங்க மலரில் வழக்கமாக நம் ஆசிரியர்களைப் பற்றித்தான் எழுதுவோம். இந்தத் தடவை, நாம் படித்த பாடத்துக்கே அடித்தளம் போட்ட ஒருவரை நினைத்துப் பார்ப்போம். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி இவர் பெயரை உருப்போட்டவர்கள் நம்மில் நிறையப் பேர். ஆனால் அவர் வாழ்க்கை எத்தனை பேருக்குத் தெரியும்?

ஜான் ஹாமண்ட் 1889-ல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் டவுனிங் கல்லூரியில் படித்தார். முதல் உலகப் போரில் ராணுவ சேவை முடித்துத் திரும்பியவர், கடைசி வரை கேம்பிரிட்ஜை விட்டு நகரவில்லை. இனப்பெருக்க உடலியலில் பெரிய பெயரான எஃப்.எச்.ஏ. மார்ஷல்தான் அவருக்கு வழிகாட்டி. 1925-ல் முயலின் இனப்பெருக்கம் பற்றியும், 1927-ல் பசுவின் இனப்பெருக்கம் பற்றியும் நூல்கள் வந்தன.

அந்தக் காலத்தில் நல்ல கறி ஆடு எது என்று கேட்டால், சந்தையில் முதுகைத் தடவிப் பார்த்துச் சொல்லுவார்கள். அனுபவசாலியின் கை சொன்னதுதான் தீர்ப்பு. ஹாமண்ட் அதோடு விடவில்லை. பல வயதில் ஆடுகளை அறுத்து எலும்பு வேறு, சதை வேறு, கொழுப்பு வேறு என்று பிரித்து, ஒவ்வொன்றையும் தராசில் வைத்தார். 1932-ல் அதை ஒரு பெரிய நூலாகவே கொண்டு வந்தார்.

அதில் தெரிந்தது இதுதான். குட்டி பிறக்கும்போது தலையும் காலும் பெரிசா இருக்கும். முதுகும் இடுப்பும் சின்னதா இருக்கும். வளர வளர கணக்கு மாறும். நல்ல விலை போகிற முதுகுக்கறிதான் கடைசியில் தேறும். உறுப்புகளிலும் அதே வரிசை: முதலில் நரம்பு மண்டலம், பிறகு எலும்பு, பிறகு சதை, கடைசியில் கொழுப்பு. தீவனம் குறைந்தால் கடைசியில் இருப்பதுதான் அதிகம் அடிபடும் என்பது அவர் விளக்கம்.

1938-ல் ஆர்தர் வால்டனோடு செய்த குதிரைச் சோதனையை யாரும் மறக்க மாட்டோம். ஷயர் என்பது மலை மாதிரிக் குதிரை. ஷெட்லாண்ட் குள்ள மட்டக்குதிரை. இரண்டையும் நேராகச் சேர்க்க முடியுமா? செயற்கை முறையில் கருவூட்டினார்கள். இரு பக்கமும் பாதிப்பாதி ரத்தம்தான். ஆனாலும் ஷயர் தாய்க்குப் பிறந்த குட்டி, ஷெட்லாண்ட் தாய்க்குப் பிறந்ததைப் போல சுமார் மூன்று மடங்கு எடை இருந்தது. வளர்ந்த பிறகும் அந்த வித்தியாசம் மறையவில்லை. தாயின் கருப்பை குட்டியின் அளவைக் கட்டுப்படுத்துகிறது என்பது கண்கூடாகத் தெரிந்தது.

பிரிட்டனின் முதல் கருவூட்டல் நிலையங்களில் ஒன்று 1942-ல் கேம்பிரிட்ஜில் தொடங்கியதற்கும் அவர் குழுதான் பின்பலம். நாம் கிராமத்தில் போடுகிற சினை ஊசியின் வரலாற்றில் அவருக்கும் ஒரு பக்கம் உண்டு. அந்த ஆய்வு நிலையத்தில் படித்த எம்.சி. சாங், பிறகு அமெரிக்காவில் 1959-ல் முயல் கருமுட்டையை உடலுக்கு வெளியே கருவுறச் செய்து, அதிலிருந்து குட்டிகள் பிறக்கச் செய்தார்.

அவருடைய இன்னொரு மாணவர் நியூசிலாந்தின் மெக்மீக்கன். பன்றிகளை நான்கு குழுவாகப் பிரித்தார்: முதல் 16 வாரம் தாராளம் பிறகு சிக்கனம், முதலில் சிக்கனம் பிறகு தாராளம், முழுக்கத் தாராளம், முழுக்கச் சிக்கனம். எல்லாவற்றையும் 200 பவுண்டு எடையில் அறுத்துப் பார்த்தார். முதலில் தாராளம், பிறகு சிக்கனம் என்று வளர்ந்தவற்றில் கொழுப்பு குறைவு. மாற்றி வளர்த்தவற்றில் கொழுப்பு ஏராளம். இதை வைத்து, தீவனத்தாலேயே உடல் அமைப்பை நினைத்தபடி மாற்றலாம் என்று முடிவு கட்டினார்கள்.

இங்கேதான் கதை திரும்புகிறது. 1964-ல் எல்ஸ்லி, மெக்டொனால்ட், ஃபௌலர் என்ற மூவர் அந்தப் பழைய எண்களையே எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். கொழுப்பைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், எலும்புக்கும் சதைக்கும் உள்ள விகிதம் பெரிதாக மாறவே இல்லை! தீவனம் மாற்றியது முக்கியமாகக் கொழுப்பைத்தான். அதே 1964-ல்தான் ஹாமண்ட் காலமானார். 1933-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1960-ல் சர் பட்டம் என்று எல்லாப் பெருமையும் பார்த்த மனிதர்.

அப்போ அவர் தோற்றுவிட்டாரா? அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எலும்பு, சதை, கொழுப்பு என்று தனித்தனியாக நிறுத்து, மொத்தத்தையும் அச்சில் கொடுக்கச் சொல்லித் தந்த பள்ளி அது. இல்லாவிட்டால் இருபது வருஷம் கழித்து யாராலும் சரிபார்த்திருக்க முடியாது. முடிவு திருத்தப்பட்டது, அளவுகள் நிலைத்தன.

தம்பி, தங்கைகளே, ஆய்வுக்கூட நோட்டில் எண்களை ஒழுங்காக எழுதுங்கள். ஒத்துவராத எண்ணை அடித்துவிடாதீர்கள். நம் முடிவு தப்பாக இருக்கலாம். நாளைக்கு வருகிறவன் அதைத் திருத்துவதற்கு நம் நோட்டு உதவ வேண்டும். சர்வீஸில் இருக்கிற அண்ணன்மார்களுக்கும் இது பொருந்தும்தானே!