தமிழ் நாடகத் தலைமையாசிரியர்

நுழையும்முன்

ஓர் ஊரில் கொட்டகை அமைத்து நாடகம் நடத்துவதும், வருவாய் குறைந்ததும் அடுத்த ஊருக்குப் பெயர்வதும் முன்னாளில் இசைநாடகக் குழுக்களின் வாழ்க்கையாக இருந்தன. நிலையற்ற அவ்வாழ்வுக்கு ஊன்றுகோலானவர் தவத்திரு சங்கரதாசு சுவாமிகள்.

இளமையும் கல்வியும்

சுவாமிகள் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் 1867 செப்டம்பர் 7 அன்று பிறந்தார். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். உப்புப் பண்டகசாலையில் கணக்கராகப் பணியாற்றியவர், 24ஆம் வயதில் அப்பணியைத் துறந்து நாடக உலகில் நுழைந்தார். இரணியன், எமன், சனீசுவரன் முதலிய வேடங்களில் புகழ்பெற்றார். பின்னர் நடிப்பைவிட்டு ஆசிரியப் பணியை மேற்கொண்டார். கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையின் அரவணைப்பில் தாள நுட்பங்களை அறிந்தார். அவருடைய பாடல்களின் சந்தச் சிறப்புக்கு அப்பயிற்சி துணைநின்றது.

பனுவல் தந்த வாழ்வு

அக்கால நாடகங்களில் உரையாடல் பெரிதும் நடிகரின் விருப்பத்திற்கே விடப்பட்டிருந்தது. சுவாமிகள் வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் சரித்திரம் முதலிய நாடகங்களுக்குப் பாடலையும் உரையாடலையும் வரையறுத்தார். அவை நடிகர்களின் பொதுச்சொத்தாயின. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து, மேடையில்தான் முதன்முதலாகச் சந்திக்கும் நடிகர்கள்கூட ஒத்திகையின்றி ஒரே நாடகத்தை விடியவிடிய நடத்த முடிந்தது. நிலையான குழுவின்றி நடந்த ஸ்பெஷல் நாடகங்கள் இப்பொதுப் பனுவலாலேயே நிலைத்தன.

சிறுவர் நாடகக்குழு

புகழ்பெற்ற நடிகர் ஒருவர் விலகினால் குழுவே கலைந்துபோகும் நிலை அன்று இருந்தது. சுவாமிகள் ஒழுங்கும் பயிற்சியும் உடைய இளைய தலைமுறையை உருவாக்க முனைந்தார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்குப் பயின்றனர். சிறுவன் சண்முகத்திற்காக அவர் அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பர். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசை வரை எட்டப் பாடுவதும், சொல்லைத் திருத்தமாக ஒலிப்பதும் பாடங்களாயின.

பால சபைகளின் வாழ்க்கை எளிதன்று. சிறுவர்கள் பெற்றோரைப் பிரிந்து ஊர் ஊராகச் சென்றனர். குரல் உடையும் பருவம் வந்தால், பாடி நடித்தவரின் எதிர்காலமே கேள்விக்குறியாகும். இத்துணை இடர்களுக்கிடையே பயின்றவர்களே பிற்காலத்தில் மேடையையும் திரையையும் வளர்த்தனர்.

நிறைவு

இறுதிக்காலத்தில் பக்கவாத நோய் சுவாமிகளை முடக்கியது. 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் இயற்கை எய்தினார். திரைப்படம் பரவியபின், குழுக்கள் பல கலைந்தன, கொட்டகைகள் திரையரங்குகளாயின. வடசென்னையில் வால்டாக்ஸ் சாலையில் நாடகங்களால் புகழ்பெற்ற ஒற்றைவாடை அரங்கமும் பழங்கதையாயிற்று. ஆயினும், மதுரை, புதுக்கோட்டை வட்டாரக் கோயில் திருவிழாக்களில் வள்ளி திருமணம் இன்றும் இரவு முழுவதும் நிகழ்கிறது. அரங்கம் அழிந்தாலும் பனுவலும் பயிற்சியும் கலையைக் காக்கும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.